வெள்ளைக் கோட்டு ரோஸான படலம்

வாழ்க பொறுமை அக்கா! மூன்றாம் மாடியின் முதல்வி. மருந்துக்கடை முகப்பில் நின்று மருத்துவர்தம் கிறுக்கெழுத்தைக் கண்ட கணத்தே பொருள் உரைக்கும் கூர்விழியாள். தேவாலயத்து மாதர் ஐக்கியக் கூட்டத்தில் பொறுமை எனும் பொருள்மீது இருபது நிமிடம் பேசுமாறு பணிக்கப்பட்டு, ஐம்பது நிமிடம் பேசி, கேட்டிருந்தோர் அனைவரையும் ஒரே பிற்பகலில் அவ்வறத்தில் தேர்ச்சி பெறச் செய்த தகைமையாள். அன்றுமுதல் சபையாரால் அப்பெயராலேயே அழைக்கப்படும் பெருமையாள். அவள் ஒரு சனிக்கிழமை காலையில் பெற்ற வெற்றியையும், அதே காலையில் அதனினும் பெரிதாய்ப் பெற்ற தோல்வியையும் உரைக்கப் புகுகின்றோம். நாவே, இடறாதிரு!

அவள் வாழ்ந்த நான்கு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு சலவை அறை உண்டு. அங்கே இரண்டு இயந்திரங்கள். ஒன்று என்றோ உயிர்நீத்து, மேலே ஒரு வாளியைச் சுமந்து நிற்பது. மற்றொன்றே அத்தனை குடும்பங்களின் அழுக்கையும் தன்னந்தனியாய்த் தாங்கும் தவசீலன். அதற்கென ஒரு கால அட்டவணை சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. சனிக்கிழமை ஏழு முதல் எட்டு வரை பொறுமை அக்காவுக்கு உரியது என்பது அதில் பேனாவால் எழுதப்பட்டு, அவளாலேயே இருமுறை அடிக்கோடிடப்பட்டிருந்தது.

அன்று ஏழு மணிக்கு, செங்கதிர் பழித்த செந்நிறப் புதுப் படுக்கை விரிப்பைத் தோளில் சாத்தி, சோப்புத்தூள் டப்பாவைக் கேடயமென ஏந்தி அவள் அவ்வறைக்குள் புகுந்தபோது, இயந்திரத்தின் வயிற்றில் கிடந்தன அந்நியர் ஆடைகள்! துவைத்து முடிந்து, சுழற்சி ஓய்ந்து, எடுப்பாரின்றி அவை குளிர்ந்து கிடந்தன. நான்காம் மாடியில் வாழும் ரொட்டிக்கடைக்காரரின் ஆடைகளே அவை என்பதை மாவின் மணம் மிச்சமிருந்த ஒரு துண்டு காட்டிக்கொடுத்தது.

பொறுத்தாள் அக்கா. ஒரு நிமிடம் பொறுத்தாள். ஐந்து நிமிடம் பொறுத்தாள். மாடியேறிக் கதவைத் தட்டி, 'உங்கள் துணி முடிந்துவிட்டது' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் அவர்கள் ஓடிவந்து எடுத்துக்கொள்வார்கள். கோபப்படக் கையில் கிடைத்த நியாயமான காரணம் ஒன்று வீணாகப் போய்விடும். ஆகவே அவள் அங்கேயே நின்று, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தன் கோபத்தைக் குழந்தையைப் போல் ஊட்டி வளர்த்தாள். பன்னிரண்டாம் நிமிடத்தில் அது வாலிபப் பருவம் எய்தியது.

அப்போது மூண்டது போர்! மடைதிறந்த வெள்ளமென அவள் கைகள் பாய்ந்தன. சட்டைகள் வீழ்ந்தன, காற்சட்டைகள் கால்மடங்கிச் சாய்ந்தன, தலையணை உறைகள் தம் உற்றாரைப் பிரிந்து பலகைமேல் குவிந்தன. களம் கொண்ட களிப்பில் தன் செந்நிற விரிப்பை உள்ளே எறிந்து, மூடியறைந்து, விசையை அழுத்தினாள் வீரப்பெண். பகைவன் படையில் ஒருவன் மட்டும் இயந்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு உயிர்தப்பியதை அவள் அறியாள். ரொட்டிக்கடைக்காரர் அடுப்பின்முன் நிற்கும்போது அணியும் வெள்ளைக் கோட்டே அது.

ஐம்பது நிமிடம் கழிந்து மூடி திறந்தபோது அக்கோட்டு வெள்ளையாக இல்லை. மணமகளின் கன்னமென நாணிச் சிவந்திருந்தது.

அந்தோ! என் செய்தாள் அக்கா? இருபுறமும் பார்த்தாள். ஒருவரும் இல்லை. கோட்டை நான்காக மடித்தாள். பலகைமேல் இருந்த ஈரக் குவியலின் அடியில், ஆழத்தில், மிக ஆழத்தில் சொருகினாள். விரிப்பை அள்ளிக்கொண்டு படியேறினாள்.

அக்காவின் சமையலறைக்கு நேர்மேலே ரொட்டிக்கடைக்காரரின் சமையலறை. இடையே ஒரு காற்றுப்போக்கி. மேலே இருமினால் கீழே கேட்கும். ஒன்பதரை மணியளவில் அதன் வழியே இறங்கி வந்தது ஓர் இடிக்குரல்.

"உன்னை நம்பி ஒரு துணியைக் குடுக்க முடியுதா? நாலு மாசமா வேலையும் கிடைக்கல, வீட்ல ஒரு வேலையும் உருப்படியா வரல. நாளைக்கு இதையா போட்டுட்டு நான் அடுப்பு முன்னாடி நிப்பேன்?"

வேலை போய், தன் தமக்கையான ரொட்டிக்கடைக்காரரின் மனைவியை அண்டி வந்து தங்கியிருந்த அவர் மைத்துனனுக்கே அந்த அர்ச்சனை. படிக்கட்டில் யாரைக் கண்டாலும் சுவரோடு ஒதுங்கி வழிவிடும் மனிதன் அவன். பிறகு அவன் குரல் வந்தது.

"சரி அத்தான். நான் பாத்திருக்கணும். என் தப்புதான்."

கையிலிருந்த தேநீர்க் கோப்பையை அக்கா கீழே வைத்தாள். செய்தவள் கீழே இருக்க, செய்யாதவன் மேலே நின்று அதை ஏற்றுக்கொண்டான்! எந்த இடிக்கும் அசையாத அவள் நெஞ்சம் அந்த ஆறு சொல்லுக்கு ஆடிப்போயிற்று.

உடனே முழந்தாளிட்டாள். ஆண்டவரே, மேலே இருக்கும் அந்தத் தம்பிக்கு ஆறுதல் தாரும் என்று உருக்கமாய் வேண்டினாள். அவனுக்கு நல்ல வேலை கிடைக்கவும், ரொட்டிக்கடைக்காரரின் கோபம் தணியவும் வேண்டினாள். மாடிப்படி ஏறுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வேண்டினாள். ஆண்டவர் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருக்கும் விதம் அவளுக்கு நன்கு பழக்கம். ஆகவே எழுந்து வேறு உபாயம் தேடினாள்.

தேடியவளுக்கு வந்து வாய்த்தது மாபெரும் சூழ்ச்சி. புதியதொரு கோட்டு வாங்கி, அழகிய தாளில் சுற்றி, 'அன்புடன், ஒரு நலம்விரும்பி' என்று எழுதி, ஓசையின்றி அவர்கள் வாசலில் வைத்துவிட்டால் என்ன? குற்றமும் மறையும், தருமமும் ஆகும், மைத்துனனும் பிழைப்பான்! உள்ளம் குளிர்ந்து செருப்பைக்கூட மாட்டிக்கொண்டுவிட்டாள். அந்நேரம் பார்த்து மறுபடியும் காற்றுப்போக்கியில் ஓசை: தரையில் வாளி உரசும் ஒலி, ஈரத்துணியைத் தேய்க்கும் ஒலி, நிறுத்தாமல், விடாமல் தேய்க்கும் ஒலி. போகாத சாயத்தை அவன் போக்கிக்கொண்டிருந்தான்.

போதும் என்று எண்ணினாள் அக்கா. இழுத்தால் தானே பூட்டிக்கொள்ளும் கதவைச் சாத்திவிட்டுப் புறப்பட்டாள்.

பத்தொன்பது படிகள்! ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு பகைவன் நின்று மறித்தான். 'துணியை எடுக்க மறந்தது அவர்கள் தவறுதானே' என்று கர்ஜித்தான் ஒருவன். 'பொறுமை அக்கா என்ற பெயர் என்னாவது' என்று காலைப் பிடித்து அழுதான் இன்னொருவன். அனைவரையும் விலக்கி, வியர்த்து, மூச்சிரைத்து, நான்காம் மாடிக் கதவை எய்தித் தட்டினாள். 'இன்று காலை சலவை அறையில் எதிர்பாராமல் நேர்ந்த ஒரு சிறு நிகழ்வைக் குறித்து' என்று தொடங்கும் நயமான உரை ஒன்று அவள் நாவில் அணிவகுத்து நின்றது.

கதவு திறந்தது. ரொட்டிக்கடைக்காரர் நின்றார். அவருக்குப் பின்னே, குளியலறை வாசலில், வாளியின்முன் குந்தியிருந்தான் மைத்துனன். முழங்கை வரை ரோஸ் நிறம்.

அணிவகுத்த உரை சிதறி ஓடியது.

"அந்தக் கோட்டைக் கெடுத்தது நான்தான்," என்றாள் அக்கா. "அவர் இல்ல. உங்க துணி உள்ளேயே கிடக்குதேன்னு கோபத்துல இழுத்துப் போட்டேன், இது மட்டும் உள்ளயே தங்கிடுச்சு. பாத்தப்புறம் யாருக்கும் தெரியக்கூடாதுன்னு அடியில சொருகி வச்சுட்டு வந்துட்டேன்."

கேளீர், அவையோரே! முதற்கூற்றோடு அவள் நிறுத்தியிருக்கலாம். ஏதோ கைத்தவறு என்று உலகம் மன்னித்திருக்கும். அடியில் சொருகியதைக் கண்டவர் ஒருவரும் இல்லை. அதையும் அந்த வாய் தானாகவே சொல்லிவிட்டது. ஐம்பது நிமிட உரையில் இல்லாத ஏதோ ஒன்று அந்த ஒற்றை வாக்கியத்தில் இருந்தது.

ரொட்டிக்கடைக்காரர் திரும்பி மைத்துனனைப் பார்த்தார். "ஏன்டா, நீ பண்ணலன்னா பண்ணலன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க கேக்கலையே அத்தான்," என்றான் அவன். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னான்.

இடிமுழங்கியவர் மெல்ல நடந்து போய், மைத்துனனின் தோளைத் தொட்டு எழுப்பிவிட்டு, வாளியின்முன் தாமே குந்தி, கோட்டைப் பிழிய ஆரம்பித்தார். "நீங்க ஏன் நின்னுட்டே இருக்கீங்க, உள்ள வாங்க," என்றார் தலைநிமிராமல். புதுக்கோட்டு தான் வாங்கித் தருவதாக அக்கா சொல்ல, அதை அப்புறம் பார்க்கலாம் என்றார். மைத்துனன் மட்டும் அவளைப் பார்த்துத் தலையசைத்தான். அந்தத் தலையசைப்பை வாங்கிக்கொண்டு அவள் விடைபெற்றாள்.

எங்ஙனம் இறங்கினாள்! தோற்றவள் நடையா அது? பாரம் இறக்கிய தேர்போல், மழை பொழிந்தபின் வெளுத்த முகில்போல் இறங்கினாள். பதினொன்றாம் படியில் நெஞ்சு நிறைந்தது. பத்தாம் படியில், இதை அடுத்த மாதர் ஐக்கியத்தில் சாட்சியாகச் சொன்னால் கேட்பவர் கண்ணீர் விடுவார்களே என்ற எண்ணம் புன்னகையோடு வந்து கைகோத்தது. ஐந்தாம் படிக்குள் உரைக்கு முன்னுரை தயார். மூன்றாம் படியில் 'தாழ்மை' என்ற தலைப்பும் தயார். இவ்வாறு வென்றும் தோற்றும், தோற்றும் வென்றும், தன்னைத்தானே கொன்றும் மீண்டும் தானே முடிசூட்டியும், விண்ணவர் வியக்கவோ நகைக்கவோ அறியாது திகைத்து நிற்க, தன் மூன்றாம் மாடி மாளிகையின் வாயிலை அடைந்து, நிமிர்ந்து நின்று, கதவின்மேல் கைவைத்தாள் பொறுமையின் பேரரசி.

சாவி வீட்டுக்குள்ளேயே இருந்தது.