கொடைக்குப் பதில் காட்டேஜ்

இந்தக் கோடைக்குக் கொடைக்கானல் கிடையாது என்று முடிவு செய்தேன். நான் முடிவெடுத்தால் எடுத்ததுதான். அதை என் மனைவி சபியாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் பல நாள் யோசித்தேன்.

கொடைக்கானல்மேல் எனக்குக் கோபமில்லை. சகலை ஷாநவாஸ்மேல்தான். போனால் சபியாவின் அக்கா சமீனா குடும்பத்தோடுதான் போக வேண்டும். சமீனாவின் கணவரான சகலை, காரில் ஏறியதும் பாட ஆரம்பிப்பார். வத்தலக்குண்டில் டீ குடிப்பார். அதற்கப்புறம் குரல் இன்னும் நன்றாகத் திறந்துகொள்ளும்.

மதுரையில் எனக்கு மெத்தைக் கடை. வருகிறவர்கள் எல்லாம் படுத்துப் பார்க்கிறார்கள். நான் நாள் முழுக்க நின்று பார்க்கிறேன். எனக்கு விடுமுறை என்றால் படுக்கை. அவ்வளவுதான்.

அலங்காநல்லூர் தாண்டி ஒரு தென்னந்தோப்புக்குள் காட்டேஜ் கிடைத்தது.

"கொடைக்கானல்ல என்ன இருக்கு? வெறும் பனி. இங்க தோப்பு, வயலு, பக்கத்துலயே அணை. பாக்க அம்புட்டு இருக்கு!"

"அம்புட்டையும் பாக்கலாமா?"

"நீ கேட்டு நான் மாட்டேன்னுருக்கேனா?"

"சரிங்க. உங்களுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா வருசா வருசம் இங்கயே வருவோம். கொடைக்கானல் பேச்சே வேணாம்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதற்கு நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டேன்.

காட்டேஜில் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில் கிடந்தது. படுத்தேன். காற்று பிரமாதம். அந்தப் பக்கம் காட்டேஜைப் பார்த்துக்கொள்ளும் சோணைமுத்துவிடம் சபியா பேசுவது கேட்டது.

"தம்பி, இங்க என்னென்ன பண்ணலாம்?"

"மாட்டுவண்டி இருக்குக்கா. விடியக்காலம் மல்லிகைப்பூ பறிக்கலாம். ஜல்லிக்கட்டுக் காளைக்குப் புல்லு போடலாம்..."

"அண்ணனுக்கு எல்லாத்துலயும் ஆசை தம்பி. ஒண்ணையும் விட்றாதீங்க."

மாட்டுவண்டியில் ஏறினேன். வரப்பு, வாய்க்கால் எல்லாம் என் முதுகெலும்புக்குள் ஏறி இறங்கின. மறுநாள் விடியலில் குனிந்து மல்லிகை பறித்தேன். நிமிர முடியவில்லை. இரண்டு பேர் வந்து நிமிர்த்தினார்கள். காட்டேஜ் என் ஏஜைக் காட்டிவிட்டது.

சபியா எங்கே போனாலும் நிழலில் உட்கார்ந்தாள். கையில் நுங்கு.

"நீ வரலையா?"

"நீங்கதான ஆசையாக் கூட்டிட்டு வந்தீங்க. நல்லா அனுபவிங்க. நான் போட்டோ எடுக்குறேன்."

காளைக்குப் புல் நீட்டினேன். அது புல்லைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தது.

"ஒண்ணும் செய்யாதுண்ணே. பழகிப் பாக்குது," என்றார் சோணைமுத்து.

காளை ஓர் அடி பழகியது. நான் வைக்கோல் போர்மேல் இருந்தேன். எப்படி ஏறினேன் என்பது அல்லாவுக்குத்தான் தெரியும். இறக்க ஏணி கொண்டுவந்தார்கள். அதையும் சபியா போட்டோ எடுத்தாள்.

சாயங்காலம் இடுப்பில் தைலம் தேய்த்தபடியே சொன்னாள்: "நாளைக்கு அணைக்குச் சைக்கிள்லயே போயிரலாமாம். தம்பி சைக்கிளுக்குக் காத்தடிச்சு வச்சிருக்காரு."

"சபியா, பேசாம நாம கொடைக்கானலுக்கே போயிருவோம்."

"எதுக்குங்க? இங்க நல்லாத்தான இருக்கு?"

"அங்கன்னா படகுல சும்மா உக்காந்தாப் போதும். சகலை மிதிச்சுக்கிருவாரு."

"பாடுவாரே?"

"பாடட்டும். பாட்டு முட்டாது."

"நானாக் கேக்கல. நீங்கதான் கூப்பிடுறீங்க. நாளப்பின்ன என்னயச் சொல்லக்கூடாது."

"சத்தியமாச் சொல்ல மாட்டேன்."

தைலக் கையைத் துடைத்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டாள். "லாத்தா, நான் சொன்னேன்ல? ஒரு வாரம்னு நெனச்சேன், ரெண்டே நாள்ல கெஞ்சிட்டாரு. போட்ட ரூமு போட்டபடியே இருக்கட்டும்."

பிறகு தான் கொண்டுவந்த பையின் அடியிலிருந்து ஒரு புது ஸ்வெட்டரை எடுத்து, போட்டுப் பார்க்கச் சொன்னாள்.

அலங்காநல்லூர்ப் புழுக்கத்தில் போட்டுப் பார்த்தேன். அளவு கச்சிதம்.