மாமியார் அறையும் முப்பத்தாறு ஸ்லைடுகளும்

மாமியாரை வரவிடாமல் தடுக்க யாரும் இதுவரை கலர் ஃபிலிம் கழுவியதில்லை. அந்தப் பெருமை அலெக்சாண்ட்ரியாவில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த வக்திக்கே சேரும்.

வெயில் ஏறினால் கெய்ரோக்காரர்கள் கடற்கரைக்கு வருவார்கள். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள். வக்தியின் மாமியார் தஃபீதா அம்மாள் ஜூனில் வந்தால் செப்டம்பரில்தான் பெட்டி கட்டுவார். முதலில் சின்ன அறையைப் பிடிப்பார். பிறகு பால்கனி, ரேடியோ, வக்தியின் நாற்காலி என்று ஒவ்வொன்றாக நாடு பிடிப்பார். போன வருஷம் மூன்று மாதம் வக்தி சொந்த வீட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

இந்த வருஷம் அந்தச் சின்ன அறையைப் புகைப்பட அறை ஆக்கிவிடுவது என்று முடிவு கட்டினான். முந்தின வாரமே ஃபிலிம் கழுவும் மருந்தை வாங்கி வைத்துவிட்டு, வியாழக்கிழமை சாயங்காலம் மனைவி இன்ஷிரா முலுகியா கீரை ஆயும்போது பேச்சை எடுத்தான்.

"கலர் ஸ்லைடு, இன்ஷிரா. பிரிண்ட் போட வேண்டாம். கழுவினா ஃபிலிமே படம். வீட்டிலேயே செய்யப்போறேன். அதுக்குத் தனி அறை வேணும். மருந்து வாடை வேற. வயசானவங்களுக்கு ஆகவே ஆகாது."

"எங்கம்மாவுக்கு ஆகாதுங்கறீங்க."

"பொதுவாச் சொன்னேன்."

"அட மனுஷா, கல்யாணமாகி இருபது வருஷத்துல ஒரு தட்டு கழுவினதில்ல. ஃபிலிம் கழுவப்போறாராம்."

"தட்டு வேற, கலை வேற."

இன்ஷிரா கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"சரி, பந்தயம். நாளைக்கு வெள்ளி, லீவுதான். ஒரு ரோல் கழுவுங்க. நல்லா வந்தா அறை உங்களுக்கு. பாழாப் போனா அம்மா வர்றாங்க, நீங்களே ஃபோன்ல கூப்பிடணும்."

"நல்லா வந்துதா இல்லையான்னு யார் சொல்றது?"

"நீங்களே சொல்லுங்க. கழுவற டப்பாவைத் திறந்ததும் உங்க வாயில வர்ற முதல் வார்த்தைதான் தீர்ப்பு. அப்புறம் மாத்தக்கூடாது."

வக்திக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. கட்சிக்காரனே நீதிபதி என்றால் எவன் வேண்டாம் என்பான்? கைகொடுத்துச் சத்தியம் செய்தான்.

அவனிடம் இருந்தது வசந்தப் பண்டிகை ஷம்முன்னஸீம் அன்று கடலோரப் பூங்காவில் எடுத்த ரோல். சாயம் தோய்த்த முட்டைகள், உப்பு மீன், கடல், பாய்மேல் உட்கார்ந்து சிரிக்கும் இன்ஷிரா என்று முப்பத்தாறு படங்கள். ஸ்லைடில் கெட்டால் கெட்டதுதான், மறுபடி பிரிண்ட் போட நெகடிவ் கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை. ஃபிலிமை இருட்டில் சுருளில் ஏற்ற வேண்டும். வக்தி துணி அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

"அலமாரிக்குள்ள யாரு?"

"நான்தான். திறந்துடாதே, வெளிச்சம் பட்டாப் போச்சு."

"என் நல்ல கோட்டு அங்கதான் தொங்குது. வேர்வை படாம நில்லுங்க."

வேர்வை கோட்டில் படாமல் ஃபிலிமை ஏற்றிக் கழுவும் டப்பாவில் அடைத்தபோது அரை மணி நேரம் ஓடிவிட்டது. அடுத்தது சூடு. மருந்து மூன்றும் சரியாக முப்பத்தெட்டு டிகிரி இருக்க வேண்டும். பாட்டில்களைச் சுடுதண்ணீர்த் தொட்டியில் நிறுத்தினான். வீட்டிலிருந்த காய்ச்சல் தெர்மாமீட்டரை முக்கினான். முப்பத்தெட்டு. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தான். அப்போதும் முப்பத்தெட்டு.

"பாத்தியா, ஒரு நூல் இறங்கல. கைராசி."

"அது காய்ச்சல் பாக்கறது. ஏறினா ஏறினபடியே நிக்கும், உதறினாத்தான் இறங்கும். பிள்ளை வளர்த்த வீட்டுல இது தெரியாம ஒரு ஆம்பள." இன்ஷிரா முழங்கையைத் தண்ணீரில் விட்டாள். "இதுல குழந்தையைக் குளிப்பாட்டினா சளி பிடிக்கும். நகருங்க."

கெட்டிலிலிருந்து வெந்நீர் ஊற்றி, முழங்கையால் பார்த்து, தெர்மாமீட்டரை உதறிக் காட்டினாள். சரியாக முப்பத்தெட்டு. பந்தயத்தில் எதிர்க்கட்சி இப்படி உதவுவதைப் பார்த்து வக்திக்கு மனம் உருகிவிட்டது. இவளையா சந்தேகப்பட்டோம் என்று கூச்சமாகக்கூட இருந்தது.

மருந்தை ஊற்றினான். நிமிஷத்துக்கு இரண்டு தரம் டப்பாவைக் கவிழ்த்து நிமிர்த்தினான். மூன்று மருந்து, நடுநடுவே தண்ணீர். தோள்பட்டை கழன்றது. கடைசியில் மூடியைத் திறந்து ஈர ஃபிலிமை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

பாலில் சாம்பலைக் கரைத்த மாதிரி இருந்தது. நிறம் என்று ஒன்றும் இல்லை. முட்டை எது, மீன் எது, மனைவி எது என்று தெரியவில்லை. முப்பத்தாறும் ஒரே மூட்டம்.

"என்னங்க, தீர்ப்பு?"

"பாழ்," என்றான் வக்தி. அந்தச் சிரிப்புப் படமும் போச்சே என்று உண்மையாகவே வலித்தது.

"பாவம்," என்று ஃபிலிமை வாங்கிக் குளியலறைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். அடுத்த நிமிஷம் ஃபோனைச் சுழற்றி அவன் காதில் வைத்தாள். மறுமுனையில் முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"அத்தே, நீங்க வந்தாத்தான் வீட்டுக்கே வெளிச்சம்."

"எனக்கு வர மனசே இல்ல மகனே. நீ இவ்வளவு கெஞ்சறதால வர்றேன்."

சாப்பிட்டுத் தூங்கினால் துக்கம் குறையும் என்று படுத்தான். நாலு மணிக்கு எழுந்து முகம் கழுவப் போனவன் அப்படியே நின்றான். கொடியில் தொங்கிய ஃபிலிம் காய்ந்திருந்தது. சிவப்பு முட்டை, மஞ்சள் முட்டை, நீலக் கடல், பாய்மேல் சிரிக்கும் இன்ஷிரா. ஒவ்வொன்றும் ரத்தினம்.

"இன்ஷிரா, வந்துடுச்சு. எல்லாமே வந்துடுச்சு. நான் ஜெயிச்சுட்டேன்."

"வரும். காயற வரைக்கும் பால் மாதிரி மங்கலாத்தான் இருக்கும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"மருந்தோட வந்த தாள்ல பின்பக்கம் போட்டிருக்கு. நீங்க முன்பக்கத்தை மட்டும் படிச்சுட்டுத் தூக்கிப் போட்டுட்டீங்க. முந்தாநாள் வீடு பெருக்கறப்போ படிச்சேன்."

"தெரிஞ்சும் சொல்லலையே நீ."

"தீர்ப்பு சொல்றப்போ நடுவுல பேசலாமா?" அவள் ஃபிலிமைத் தூக்கித் தன் படத்தைக் கண்டுபிடித்து, ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லாத்தான் எடுத்திருக்கீங்க. இதுக்காகத்தான் வெந்நீர் ஊத்தினேன்."

வக்திக்குக் கோபப்படுவதா, பூரிப்பதா என்று புரியவில்லை. கடைசியாக ஒரு நப்பாசை.

"சரி, சத்தியம் சத்தியம்தான். ஆனா அத்தை டிக்கெட் எடுத்துக் கிளம்ப ஒரு வாரமாவது ஆகுமில்ல?"

"டிக்கெட் செவ்வாக்கிழமையே எடுத்தாச்சு. இன்னிக்கு அஞ்சு மணிக்கு வண்டி வந்துடும், போய்ச் சட்டையை மாத்துங்க."