ஒரே சீட் உள்ள வண்டி

இந்த வருஷம் ஜனவரி முதல் தேதி, ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். எனக்கென்று ஒரு வண்டி வேண்டும். அதில் ஒரே ஒரு சீட்தான் இருக்க வேண்டும். அந்த சீட்டில் நான்தான் உட்கார வேண்டும்.

இது ஒரு தீர்மானமா என்று சிரிப்பீர்கள். நீங்கள் முன் சீட்டில் உட்காருகிறவர்கள். உங்களுக்குப் புரியாது.

நான் இருபத்தோரு வருஷமாகப் பின் சீட். முன்னால் என் மனைவி எலிசபெத். நடுவில் காய்கறிப் பை. சித்தூரில் எங்கள் ஸ்கூட்டியைத் தெரியாதவர்கள் கிடையாது. டிராஃபிக் போலீஸ்காரர்கூட எலிசபெத்துக்கு வணக்கம் வைத்துவிட்டு என்னை ஒரு லக்கேஜைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

கல்யாணமான புதிதில் நான்தான் ஓட்டினேன். இரண்டு மாதம் ஓட்டினேன். பங்காருபாளையம் மாங்காய் மண்டிக்குள் ஒரு நாள் பிரேக் பிடிப்பதாக நினைத்து ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டேன். வண்டி மாங்காய்க் குவியல் மேல் ஏறி உச்சியில் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. எங்களைத் தோண்டி எடுக்கத்தான் ஆறு பேர் தேவைப்பட்டார்கள். வெளியே வந்ததும் எலிசபெத் தலையில் இருந்த மாவிலையைக்கூட எடுக்கவில்லை. முதலில் சாவியை உருவித் தன் ஹேண்ட்பேக்கில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அந்த ஜிப் எனக்காக இதுவரை திறந்ததில்லை.

அன்று முதல் அவள் ஹெல்மெட்டுக்கு இடப்பக்கம் தெரிகிற சித்தூர்தான் என் சித்தூர். வலப்பக்கம் என்னென்ன கடைகள் வந்திருக்கின்றன என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்வேன். எதிரே ரோடு வந்து மடியில் விழுவதுபோல் இருக்குமே, அதைப் பார்த்து இருபத்தோரு வருஷமாகிறது. ஏக்கம் என்றால் சாதாரண ஏக்கமில்லை. பஸ்ஸில் போனால்கூட டிரைவருக்குப் பின் சீட்டில் இடம் பிடித்து, அவர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது நானும் மடிக்குள் கையைத் திருப்பிக்கொள்வேன்.

நிஜப் பந்தய கார் வாங்க வழியில்லை. ஆனால் செய்யலாம் என்று போனில் பார்த்தேன். கடையில் பெட்டியாக விற்பதை வாங்கி ஒட்டுவதல்ல. தகடு வெட்டி, தட்டி, தேய்த்து, ஸ்டியரிங் முதல் திருகாணி வரை நாமே செய்வது. நிஜ காரில் ஒரு அடி இருந்தால் நம் காரில் ஒரு அங்குலம். நான் தேர்ந்தெடுத்தது அந்தக் காலத்துப் பந்தய கார். சுருட்டு மாதிரி நீளம், நாலு பக்கமும் வெளியே நீட்டிய சக்கரம், பின்னால் திறந்த எஞ்சின், நடுவில் ஓர் ஆள் மட்டும் இறங்கி உட்காரக் குழி. பின் சீட் கிடையாது. வைக்க நினைத்தாலும் இடம் கிடையாது.

எலிசபெத்துக்குத் தெரியாமல் செய்வது என்பதுதான் திட்டம். 'இனிமேல் எந்த வண்டியிலும் கை வைக்கமாட்டேன்' என்று மாங்காய்க்கு நடுவில் நான் சத்தியம் செய்திருக்கிறேன். எந்த வண்டி, எத்தனை அங்குலம் என்றெல்லாம் அன்றைக்குப் பேசவில்லை. எதற்கு வம்பு?

நேரத்துக்குக் குறைவில்லை. நான் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பர். வியாழக்கிழமை எனக்கு வார லீவு. அன்று சாயங்காலம் எலிசபெத் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போய்விடுவாள். மூன்று மணி நேரம் வீடு என் ஒர்க்ஷாப்.

பொருளுக்கும் குறைவில்லை. பாடிக்கு ஃபேக்டரியில் ஒடுங்கிப்போன கூழ் டின் தகடு. சைலன்சருக்குத் தீர்ந்துபோன ரீஃபில். ஸ்பிரிங்குக்குக் குடைக் கம்பி. டயருக்கு எலிசபெத்தின் பழைய ஹவாய் செருப்பு. ரப்பரை வட்டமாக வெட்டி, மிக்ஸி மோட்டாரில் கோத்து ஓடவிட்டு உப்புத்தாளைப் பிடித்தால், டயர் அசலாக வந்துவிடும். மறுநாள் காலைதான் சிக்கல்.

"இன்னாங்க, சட்னி செருப்பு வாசன அடிக்குது?"

"தேங்கா பழசா இருக்கும் எலிசா."

"பழசானா தேங்கா செருப்பாவுமா?"

"கடக்காரன ஒரு வார்த்த கேளு."

"நீங்க துன்னுங்க மொதல்ல. நான் பாக்கணும்."

தின்றேன். முகம் மாறாமல் இரண்டு கரண்டி தின்றேன். ஒரு பந்தய வீரனுக்கு வேண்டிய மன உறுதி எனக்கு வந்திருந்தது.

அடுத்து சீட் பெல்ட். சிவப்பாக, மெல்லிசாக, பளபளப்பாக ஒரு ரிப்பன் வேண்டும். சித்தூர் பூராவும் தேடினேன். கடைசியில் வீட்டிலேயே இருந்தது.

"பைபிள்ள செவப்பு ரிப்பன் ஒண்ணு தொங்குமே, எங்க?"

"இருக்குமே."

"பாதிதான் இருக்குது. சங்கீதத்துல வெச்சிருந்தேன்."

"எலி கடிச்சிருக்கும்."

"எலி கத்திரிக்கோல் வெச்சிக்கினு நேரா கட் பண்ணிச்சா?"

"இந்தக் காலத்து எலிய நம்ப முடியாது எலிசா."

அவள் பாதி ரிப்பனை எடுத்துச் சங்கீதத்தில் வைத்து பைபிளை மூடினாள். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

இங்கே எலிசபெத்தின் தொழிலைச் சொல்லியாக வேண்டும். சித்தூரிலிருந்து பாகாலா வரை எந்தச் சர்ச்சில் கல்யாணம் நடந்தாலும் மூன்றடுக்குக் கேக் அவளுடையதுதான். கேக் உச்சியில் சர்க்கரை மாவில் பெண்ணும் மாப்பிள்ளையும் செய்து வைப்பாள். அவளிடம் பொய்க்கு இடமில்லை. மாப்பிள்ளைக்கு வழுக்கை இருந்தால் பொம்மைக்கும் வழுக்கை. மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கோபம் வந்து ஒரு தரம் சண்டையே நடந்திருக்கிறது.

கேக் மேல் பதிக்க வெள்ளி நிறத்தில் கடுகு போலச் சர்க்கரை முத்து வாங்கி வைப்பாள். அதைப் பார்த்த நிமிஷம் எனக்கு உடம்பு புல்லரித்தது. ரிவெட்! பந்தய காரின் பாடி முழுக்க வரிசை வரிசையாகப் பதித்திருப்பார்களே, அந்த ரிவெட் இதைவிட அசலாக எங்கே கிடைக்கும்? நூற்றெண்பது முத்துகளை ஊசியால் எடுத்துப் பசை தொட்டு ஒட்டினேன். நாலு வியாழக்கிழமை ஆயிற்று. கழுத்து பிடித்துக்கொண்டது. ஆனால் கார் மின்னியது.

ஒட்டி முடித்ததும் கன்னத்தை மேஜை மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, டிரைவர் குழிக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். முன்னால் சின்னக் கண்ணாடி. அதற்கு அப்பால் மேஜை நீண்டு கிடந்தது, யாருடைய ஹெல்மெட்டும் மறைக்காமல். எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ தெரியாது. எனக்கு அழுகை வந்தது. ஐம்பது வயது ஆளுக்கு மேஜையைப் பார்த்து அழுகை வரக்கூடாதுதான். வந்தது.

காரைக் கிறிஸ்துமஸ் ஸ்டார் வைக்கிற அட்டைப்பெட்டிக்குள் ஒளித்துப் பரண்மேல் வைத்தேன். டிசம்பர் வரை அதை யாரும் தொடமாட்டார்கள். நானும் டிசம்பரை நினைத்துத்தான் கவனமாக இருந்தேன். சர்க்கரையை நினைக்கவில்லை.

"ஏங்க, இங்க வாங்க. எறும்பு பாருங்க, எவ்ளோ நீட்டா போய்க்கினு இருக்குது."

போய்ப் பார்த்தேன். சமையலறை ஜன்னலில் ஏறி, சுவரைக் கடந்து, ஒற்றை வரிசையாகப் பரணுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"மழ வருது போல. மேட்டுக்குப் போவுது."

"ஸ்டார் பொட்டிக்குள்ள போவுதே?"

"பழைய அட்டைன்னா எறும்புக்குப் புடிக்கும் எலிசா. நீ ஏறாத. முட்டி வலி இருக்குது உனக்கு. நான் பாத்துக்கறேன்."

"சரிங்க, நீங்களே பாருங்க," என்று போய்விட்டாள்.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பொரித்த மீனைவிட்டுப் பூனை போனாலும் போகும், ஒரு விஷயத்தைப் பாதியில் விட்டு எலிசபெத் போகமாட்டாள். ஆனால் ஆசை கண்ணை மறைத்துவிட்டது. எறும்பைத் தட்டி, ரிவெட்டுக்கெல்லாம் வார்னிஷ் அடித்துக் காயவைத்தேன். அடுத்த வியாழக்கிழமை பெட்டியைச் சுற்றி எறும்புச் சாக்பீஸில் யாரோ வட்டம் போட்டிருந்தார்கள். வீடு பூராவும் போட்டிருப்பாள் என்று நினைத்து, காரை எடுத்து வேலை பார்த்தேன்.

கடைசியாக டிரைவர். குழாய் அடைக்கிற பசையில் என்னைப்போலவே ஒரு பொம்மை செய்து குழிக்குள் உட்காரவைத்தேன். கண்ணாடி போட்ட முகம், கையில் ஸ்டியரிங், நெஞ்சில் சிவப்பு பெல்ட். முகம் கொஞ்சம் உருளைக்கிழங்கு மாதிரி வந்துவிட்டது. பரவாயில்லை, உட்கார்ந்திருப்பது முன் சீட்டில்.

ஆகஸ்டில் திருப்பதியில் ஒரு காலேஜ் ஹாலில் மாடல் கண்காட்சி என்று போனில் வந்தது. பெயர் கொடுத்துவிட்டேன். மேஜை மேல் கார், காருக்குள் நான், பக்கத்தில் ஓர் அட்டையில் என் பெயர். அந்த ஒரு நாள் போதும். அதை நினைத்து ஒரு மாதம் எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

கண்காட்சி அன்று, சனிக்கிழமை காலை, எலிசபெத்தின் காலி கேக் பெட்டி ஒன்றில் காரை வைத்து மூடிவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் அவள் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க இது?"

"திருப்பதியில டிரெய்னிங்குனு சொன்னேனே. கூழு சாம்பிள்."

"கேக் பொட்டியிலயா?"

"ஆபீஸ்ல பொட்டி தீந்து போச்சு."

"உங்களுக்கு முடிச்சுப் போடத் தெரியாது, அதான் நானே கட்டிட்டேன். ஆட்டாம எடுத்துக்கினு போங்க. வழியில தொறக்காதீங்க. கூழு கெட்டுடும்."

எவ்வளவு நல்ல மனைவி! மனசு உறுத்தியது. பாகாலா ஜங்ஷனில் ரயில் நின்றபோது ஒரு தரம் திறந்து பார்க்க ஆசை வந்தது. அவள் சொல்லை மீறிப் பழக்கமில்லாததால் திறக்கவில்லை.

ஹாலில் என் மேஜை பதினேழாம் எண். கயிறை அவிழ்த்தேன். மூடியைத் தூக்கினேன்.

கார் இருந்தது. அதற்குள் நான் இல்லை.

டிரைவர் குழியில் பச்சைப் புடவை கட்டிய ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். சர்க்கரை மாவு. புடவைக்கு மயிர் அகலத்தில் சிவப்புக் கரை. தலையில் ஹெல்மெட், அதன் கீழே சின்னதாகக் கொண்டை. நெஞ்சில் என் பைபிள் ரிப்பன் பெல்ட். காருக்குப் பின்னால், எஞ்சினில் இரண்டு கையையும் ஊன்றி, முதுகை வளைத்து, ஓர் ஆள் தள்ளிக்கொண்டிருந்தான். முகத்தில் கம்பியால் வளைத்த மூக்குக்கண்ணாடி. உச்சந்தலையில் சரியாக என் அளவுக்கு வழுக்கை. தோளில் காய்கறிப் பை, அதிலிருந்து இரண்டு முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தன.

பிய்த்துப் பார்த்தேன். வரவில்லை. கேக் ஐசிங் காய்ந்தால் சிமெண்ட். அதற்குள் நடுவர் ரங்கையா பூதக்கண்ணாடியோடு வந்துவிட்டார். குனிந்தவர் நிமிரவேயில்லை.

"காரு பாகுந்தி சார், ரொம்ப நல்லா இருக்குது. ரிவெட்டெல்லாம் நீட்டு. ஆனா இந்த அம்மகாரு எவரு சார்? திரும்பறப்ப நாக்கக் கடிச்சினு இருக்காங்க பாருங்க!"

பார்த்தேன். ஆமாம். காந்தி சிலை முனையில் திரும்பும்போது எலிசபெத் அப்படித்தான் நாக்கைக் கடிப்பாள் என்று எங்கள் தெருவில் சொல்லுவார்கள். இருபத்தோரு வருஷத்தில் நான் அந்த முகத்தைப் பார்த்ததேயில்லை. பின்னாலிருந்து எப்படித் தெரியும்?

"பின்னால தள்றவரு?"

"மெக்கானிக்," என்றேன்.

"மூஞ்சில ஒரு பயம் இருக்குது பாருங்க. இது ஊகிச்சு செய்ய முடியாது சார். பக்கத்துலயே இருந்து பாத்தவங்கதான் செய்யணும்."

காருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். பொம்மைகளுக்கு முதல் பரிசு, கோப்பை. பொம்மை செய்தவர் பெயரைக் கேட்டார்கள். ஒரு வினாடி என் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. எலிசபெத் என்று சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சாயங்காலம் சித்தூர் ஸ்டேஷன் வாசலில் எலிசபெத் ஸ்கூட்டியில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா, கூழு பாஸா?"

கோப்பையை நீட்டினேன். வாங்கிப் பெயரைப் படித்துவிட்டு முந்தானையால் துடைத்தாள்.

"எப்போலேர்ந்து தெரியும் எலிசா?"

"சட்னிலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்க. வியாழக்கெழம நான் வூட்டுக்கு வந்தா உங்க மூஞ்சி கல்யாண மாப்ள மாதிரி இருக்கும். அத ஏன் கெடுக்கணும்?"

"அது சரி. என்ன எதுக்குப் பின்னால நிக்க வெச்ச?"

"ஒரே சீட்டுதான வெச்சிருந்தீங்க. நான் இன்னா பண்றது?"

அவள் சிரித்தாள். இதைவிட நல்ல நேரம் வராது. இருபத்தோரு வருஷத்து ஆசையைக் கேட்டுவிட்டேன்.

"எலிசா, இன்னிக்கி ஒரு நாள், வூடு வரைக்கும், நான் முன்னால உக்காரட்டா?"

அவள் இறங்கினாள். ஹேண்ட்பேக் ஜிப்பைத் திறந்து, கோப்பையை உள்ளே வைத்தாள். பிறகு வண்டிச் சாவியை உருவி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"உக்காருங்க."

நம்பவில்லை. உட்கார்ந்தேன். அவள் பின்னால் ஏறி என் தோளில் கை வைத்தாள். எதிரே ரோடு. வலப்பக்கம் ஒரு புது பேக்கரி. அதற்கு அப்பால் ரோடு நேராக நீண்டு போனது. அதைப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரை அமுக்கினேன். உறுமியது, இருமியது, ஓய்ந்தது. மறுபடி அமுக்கினேன். இருமல்கூட இல்லை.

"பெட்ரோல் இருக்காது," என்றாள் பின்னாலிருந்து, நிதானமாக. "வரும்போதே முள்ளு கீழ பூட்ச்சு. பங்க் ரெண்டு தெருவுதான். கொஞ்சம் எறங்குங்க."

இறங்கினேன். அவளும் இறங்குவாள் என்று பார்த்தேன். அவள் நகர்ந்து முன் சீட்டில் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்தாள். கொக்கியில் தொங்கிய காய்கறிப் பையைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். இரண்டு முருங்கைக்காய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"இத தோள்ல மாட்டிக்கினு தள்ளுங்க."

மாட்டிக்கொண்டேன். குனிந்து, இரண்டு கையையும் வண்டிக்குப் பின்னால் ஊன்றித் தள்ளினேன். பரிசு வாங்கிய அதே மாடல்தான், அளவு மட்டும் ஒன்றுக்கு ஒன்று.