ஆர்வில் போட்ட வேகக் கணக்கு

கார் புறப்பட்டு இரண்டு மைல் ஆகியும் ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்திலேயே படுத்திருந்தது. ஆர்வில் ட்வெய்ட் கண்ணாடியை விரலால் தட்டினார். பிறகு முஷ்டியால் தட்டினார்.

“அதை ஏன் அடிக்கறே? செத்துப்போச்சு, விடு,” என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி மார்லிஸ்.

மினசோட்டாவின் வடக்குக் கோடியில் ஆர்விலுக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை. அதிவேகத்துக்காக இந்த வருஷம் ஏற்கெனவே இரண்டு முறை அபராதச் சீட்டு வாங்கியாயிற்று. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். ஐம்பது மைல் தள்ளி, மகள் ஊர் சர்ச்சில், பதினோரு மணிக்குப் பேரனுக்கு ஞானஸ்நானம். ஆர்விலின் பெயரைத்தான் வைக்கிறார்கள். தாத்தா இல்லாமல் எப்படி வைப்பது?

அவர் கையாலேயே செய்த நீளமான மரத் தொட்டில் பின்பக்கம் நீட்டிக் கிடந்தது. தூசி படாமல் மார்லிஸ் அதற்கு வெள்ளைத் துணி போர்த்தி, சர்ச்சுக்கான லில்லிப் பூக்களை மேலே பரப்பியிருந்தாள்.

“உன் தம்பி இதே மாதிரி கார்தானே வெச்சிருக்கான்? எஞ்சின் எத்தனை சுத்து சுத்தினா எவ்ளோ வேகம்னு கேளு,” என்றார்.

மார்லிஸ் போன் போட்டாள். எல்லைக்கு அந்தப் பக்கம், கனடாவில் இருக்கும் தம்பி வெர்லின் பட்டென்று சொன்னான்: “அஞ்சாவது கியர்ல ரெண்டாயிரம் சுத்துன்னா எண்பது, அக்கா.”

“எண்பதா!” ஆர்வில் பதறிப்போய்க் காலை எடுத்தார். “நான் ரெண்டாயிரத்துலதானே வந்துட்டிருக்கேன்!”

அந்தச் சாலையில் ஐம்பத்தைந்து மைலுக்கு மேல் போகக்கூடாது. அவர் உதட்டை அசைத்து வகுத்தார், பெருக்கினார். ஆயிரத்து நானூறுக்குக் கொஞ்சம் கீழே என்று விடை வந்தது. எஞ்சின் சுற்றைக் காட்டும் இன்னொரு முள்ளை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். எஞ்சின் சளி பிடித்தவன் மாதிரி உறுமியது.

“மெதுவாப் போற மாதிரி இருக்கே,” என்றாள் மார்லிஸ்.

“உனக்கு அப்படித்தான் இருக்கும். கணக்கு பொய் சொல்லாது.”

அப்போது எதிரே வந்த லாரி ஒன்று அவர்களைக் கண்டதும் ஓரங்கட்டி நின்றது. அடுத்து ஒரு டிராக்டரும் அப்படியே நின்றது.

“பாத்தியா? நாம வர்ற வேகத்தப் பாத்துப் பயந்து ஒதுங்கறாங்க!” ஆர்வில் முள்ளை ஆயிரத்து இருநூறுக்கு இறக்கினார். கார் நடுங்கியது.

“விளக்கயாவது போடு. தூரத்துலயே பாத்து ஒதுங்கிக்கட்டும்.”

போட்டார். எதிரே வந்தவர்கள் இன்னும் தூரத்திலேயே நின்றார்கள். எச்சரிக்கை விளக்கையும் சிமிட்டவிட்டார். ஒரு விவசாயி தொப்பியையே கழற்றிவிட்டார்.

“கும்பிடாத குறையா கெஞ்சறார் மனுஷன்! இன்னும் குறை!” என்றாள் மார்லிஸ். இப்போது அவளுக்கும் பயம் தொற்றிக்கொண்டது. ஆர்வில் இன்னும் கொஞ்சம் குறைத்தார்.

மணி பத்தரை. பாதி வழிதான் வந்திருந்தார்கள். ஆர்விலின் கழுத்தெல்லாம் வேர்த்தது.

“நேரத்தப் பாத்தா இடிக்குதே ஆர்வில். நிஜமாவே வேகமாத்தான் போறோமா?”

“பின்னாடி பாரு. பதினாலு காரு வருது. ஒருத்தனாவது நம்மள முந்தறானா? அப்ப நாமதானே எல்லாரையும் விட வேகம்?”

மார்லிஸ் திரும்பிப் பார்த்தாள். பதினான்கு கார்களும் விளக்கைப் போட்டுக்கொண்டு, சீரான இடைவெளியில், பவ்யமாக வந்துகொண்டிருந்தன.

அடுத்த நாற்சந்தியில் போலீஸ் கார் நின்றது. இளம் அதிகாரி ஒருவர் குறுக்குச் சாலையை மறித்தபடி நின்றிருந்தார். ஆர்வில் உடனே பிரேக்கை மிதித்தார். ஓரமாக நிறுத்தி, கேட்காமலே லைசென்ஸை ஜன்னல் வழியே நீட்டினார். பின்னால் பதினான்கு கார்களும் நின்றன.

“சார், ஐம்பத்தஞ்சைத் தாண்டவே இல்ல, சத்தியமா! வேலை போயிடும் சார்! பதினோரு மணிக்கு சர்ச்சுல இருக்கணும், அதுக்காகக்கூட நான் வேகமா ஓட்டல!”

அதிகாரி லைசென்ஸை வாங்காமல் அவர் கைக்குள்ளேயே வைத்து மூடினார். “நீங்க முப்பதைக்கூடத் தொடலீங்க.”

“முப்பதா? மச்சான் எண்பதுன்னானே!”

மார்லிஸ் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “ஐயோ, அவன் கனடாக்காரன்! சொன்னது கிலோமீட்டர் கணக்கு!” பயம் விட்டுப்போனதில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். அதிகாரி சங்கடத்தோடு பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

“நீங்க மனசத் தளரவிடாதீங்க. நான் முன்னாடி போறேன், பின்னாலயே வாங்க. பதினோரு மணிக்குள்ள சர்ச்சுல விட்டுடறேன்,” என்று தழுதழுத்துவிட்டுத் தன் காருக்குப் போனார்.

ஆர்விலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் ஒன்று மட்டும் விளங்கவில்லை. அடுத்த காரிலிருந்து இறங்கி வந்த ஒரு வயதான அம்மாளிடமே கேட்டார்: “ஏங்க, இவ்ளோ மெதுவாப் போயிருக்கேன், உங்கள்ல ஒருத்தர்கூட ஏன் என்னை முந்தல?”

அந்த அம்மாள் காரின் பின்பக்கம் வெள்ளைத் துணியும் பூவுமாக நீண்டு கிடந்ததைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, மார்லிஸின் கையை மெல்லப் பற்றினாள்.

“சவ ஊர்வலத்த முந்திட்டுப் போக நாங்க என்ன ஈவிரக்கம் இல்லாதவங்களா? ஆமா, இறந்தது யாரும்மா?”