உள்ளே இருப்பதை வெளியே கொண்டு வரும் கலை

"காஸ் கிளாஸ் இதானுங்களே?"

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குக் குடியிருப்போர் சங்கக் கூடத்தின் வாசலில் நின்று இப்படிக் கேட்டவர் ஒரு ரிடையர்டு கண்டக்டர். கேட்டுவிட்டு வயிற்றின் மேல் கையை வைத்து மேலிருந்து கீழாக ஒருமுறை தடவிக்கொண்டார்.

நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்த புள்ளி சார் நிமிர்ந்தார். "ஜாஸ்" என்று திருத்தினார். திருத்துவது அவர் தொழில்.

"அதேதான். எனக்கு ஏழு வருஷமா இருக்கு."

"ஏழு வருஷமாக் கேக்கறீங்களா?"

"நான் எங்க சார் கேக்கறது? பக்கத்துல இருக்கறவங்கதான் கேக்கறாங்க."

புள்ளி சாருக்கு லேசாக வியர்த்தது. கண்டக்டர் கையில் நாலாக மடித்து வைத்திருந்த நோட்டீஸை வாங்கிப் பிரித்தார். பிரித்தவர் அப்படியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவராக அவருக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். 'வலியின்றிப் புல் பிடுங்கப்படும்' என்று அச்சாகவிருந்த ஒரு பல் டாக்டரின் விளம்பரத்தைக் கடைசி நிமிஷத்தில் தடுத்து நிறுத்தியவர். மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. அதனால்தான் அந்தப் பெயர். அப்பேர்ப்பட்டவர் தன் கையால் எழுதிக்கொடுத்தது இது: 'பெரியவர்களுக்கான ஜாஸ் ரசனை வகுப்பு.' அச்சாகி வந்திருந்தது இது:

பெரியவர்களுக்கான
காஸ் பிரச்சனை வகுப்பு
உள்ளே இருப்பதை வெளியே கொண்டு வரும் கலை
அனுமதி இலவசம்

மூன்றாவது வரி வகுப்பு எடுக்கப்போகிற மைத்துனர் சொல்லி எழுதியது. அதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. போதாக்குறைக்கு 'பிரச்சினை' என்பது 'பிரச்சனை' என்று வேறு வந்திருந்தது. அது தனி வலி.

ஓரமாகப் போய் அச்சகத்தில் டைப் செய்கிற பெண்ணுக்குப் போன் போட்டார்.

"நான்தான் சார் சரி பண்ணினேன்" என்றாள் அவள் பெருமையாக. "ஜாஸ்னு ஒரு வார்த்தையே கிடையாதே! அப்புறம் பிரச்சனைல பாதி எழுத்தை விட்டுட்டு வெறும் ரசனைன்னு எழுதியிருந்தீங்க. பாவம், உடம்பு சரியில்லைபோலன்னு நானே போட்டுட்டேன். நல்லா வந்திருக்கா?"

"ப்ரூஃப் என்கிட்ட வந்துச்சே!"

"வந்துச்சு சார். கண்ணை மூடிக்கிட்டே கையெழுத்துப் போட்டீங்க. தியானம்னு நினைச்சேன்."

தியானம் இல்லை. தூக்கம். அந்தத் தூக்கத்துக்குக் காரணம், நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று இரண்டு பெட்டிகளோடும் ஒரு ரெக்கார்டு பிளேயரோடும் வந்து பதினோரு மாசமாக ஹாலில் குடியிருக்கும் மனைவியின் அண்ணன். விடிந்ததும் ட்ரம்பெட், மத்தியானம் சாக்ஸபோன், கண்ணை அசத்துகிற நேரத்தில் ட்ரம்ஸ். கொஞ்சம் மெதுவாக வைக்கச் சொன்னால், "ஜாஸ் ஒரு இசை இல்ல மாப்பிள்ளை. அது ஒரு நிலை" என்று பதில் வரும். தலையில் எந்நேரமும் ஒரு தொப்பி. அது எதற்கு என்று கேட்டால் அரை மணி நேரம் விளக்குவார் என்பதால் யாரும் கேட்டதில்லை.

"கூடப் பொறந்தவரை எப்படிங்க போகச் சொல்றது?" என்பது மனைவியின் கட்சி.

போகச் சொல்லாமலே போக வைக்க ஒரு வழியைச் சங்கத் தலைவர்தான் தன்னை அறியாமல் காட்டினார். கூடத்தில் ஏதாவது வகுப்பு தொடங்கி, மூன்று வாரம் தொடர்ந்து இருபது பேராவது வந்தால், கூடத்தின் பின்னாலிருக்கும் அறையை ஆசிரியருக்கே தங்கக் கொடுத்துவிடலாம் என்று கமிட்டியில் தீர்மானம் போட்டிருந்தார்கள். தனி அறை, தனி வாசல், கனமான கதவு. அந்தக் கதவை நினைத்தாலே புள்ளி சாருக்குக் கொட்டாவி வந்தது.

இருபது பேர் வேண்டும். வாசலைப் பார்த்தார். இருபத்திரண்டு பேர் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள், எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

உண்மையைச் சொன்னால் அத்தனை பேரும் திரும்பிப் போவார்கள். புள்ளி சார் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பிழையை அப்படியே விட்டுவிடத் தீர்மானித்தார்.

"வாங்க, வாங்க. இது சிகிச்சைதான். ஆனா மாத்திரை கிடையாது. இசையாலயே குணப்படுத்தறது."

முன்வரிசையில் உட்கார்ந்த ரிடையர்டு தலைமை ஆசிரியை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இதுக்கு ஆதாரம்?"

"வெளிநாட்டுல எல்லாம் இப்ப இதுதான் டீச்சர்."

வெளிநாடு என்று வந்துவிட்டால் அதற்கு மேல் ஆதாரம் கேட்கும் வழக்கம் அந்தக் கூடத்தில் டீச்சர் உட்பட யாருக்கும் இல்லை.

மைத்துனர் தொப்பியோடு நுழைந்து கூட்டத்தைப் பார்த்ததும் ஒரு சுற்றுப் பெருத்தார். "அத்தனை பேரும் ரசிகர்களா மாப்பிள்ளை?"

"வெறியர்கள் மச்சான். பேச்சு கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும். கண்டுக்காதீங்க."

மைத்துனர் ஜாஸ் என்ற சொல்லை எப்போதும் மூக்கால்தான் உச்சரிப்பார். முதல் எழுத்து என்ன என்று அந்த மூக்குக்கே தெரியாது. அது பெரிய உதவியாக இருந்தது.

"இது எங்கேர்ந்து வருது? சொல்லுங்க பாக்கலாம்."

"அடிவயித்துலேர்ந்து சார்" என்றார் கண்டக்டர்.

மைத்துனர் சிலிர்த்துப்போனார். "முப்பது வருஷம் கேட்டு நான் கண்டுபிடிச்சதை இந்த மனுஷன் ஒரே வார்த்தையில சொல்லிட்டார்! சரி, இதை அடக்கினா என்ன ஆகும்?"

"நெஞ்சுல ஏறிடும்."

"ஏறும்! நெஞ்சுல ஏறி அப்படியே தலைக்கு ஏறும்!"

"தலைக்குமா?" பின்வரிசையில் ஒரு பெண்மணி பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"இதுக்கு நேரம் காலம் கிடையாது. எப்ப வரும், எவ்வளவு நேரம் நீளும், எந்த சுருதியில போய் முடியும், எதுவும் நம்ம கையில இல்ல. அடக்காதீங்க, விட்டுடுங்க. வீட்ல இருக்கறவங்களுக்கு இதெல்லாம் புரியாது."

"புரியாது!" என்றன இருபத்திரண்டு குரல்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மைத்துனர் விளக்கைத் தணித்து, ஒரு மணி நேரம் ட்ரம்பெட்டை முழுச் சத்தத்தில் வைத்தார். அந்த ஒரு மணி நேரத்தில் ட்ரம்பெட் மட்டும்தான் ஒலித்தது என்று புள்ளி சாரால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் எழுந்து போனபோது அத்தனை முகத்திலும் பரீட்சை முடிந்த களை.

விளைவு, அடுத்த ஞாயிறு நாற்பத்தொரு பேர். நாற்காலி போதாமல் கல்யாணத்துக்கு வந்தவர்கள்போல் சுவரோரம் நின்றார்கள்.

"எந்தப் பாட்டை எந்த வேளைக்குக் கேக்கணும்? வாயால சொன்னா மறந்துடும். எழுதிக் குடுங்க" என்று தலைமை ஆசிரியை பிடித்துக்கொண்டார். புள்ளி சார் வேறு வழியில்லாமல் ஒரு அட்டவணை அடித்துக் கொடுத்தார். சாப்பாட்டுக்கு முன் சாக்ஸபோன், பத்து நிமிடம். சாப்பாட்டுக்குப் பின் ட்ரம்பெட். வெறும் வயிற்றில் ட்ரம்ஸ் கூடாது. இந்தத் தடவை தானே டைப் செய்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று முறை படித்தார். ஒரு பிழை இல்லை.

அந்த அட்டவணையில் ஒரு பிரதி மைத்துனர் கையில் சிக்கியது.

"இது என்ன மாப்பிள்ளை?"

"பக்தி மச்சான். இதைக் கேக்காம தட்டுல கை வைக்க மாட்டோங்கறாங்க."

மைத்துனர் அட்டவணையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அப்ப நான் என் வீட்டுக் கதவைத் திறந்து வைக்கணும்."

அவர் என் வீடு என்றது புள்ளி சாரின் வீட்டை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே மணி அடித்தது. கண்டக்டரும் அவர் மாமியாரும். "அவசர கேஸ் சார். நேத்து கல்யாண விருந்து. ரெண்டு சாக்ஸபோன் போடுங்க." புதன்கிழமைக்குள் ஹால் நிறைந்து வழிந்தது. புள்ளி சார் தன் வீட்டுக்குள் செருப்புகளைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

"என்னங்க" என்று மனைவி சமையலறைக்குள் இழுத்துக் கேட்டாள். "ஹால்ல ஒன்பது பேர் கண்ணை மூடி உக்காந்திருக்காங்க. ரசிக்கறாங்களா, முடியாம கிடக்கறாங்களா?"

"ரெண்டும்தான். இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கோ."

"எல்லாரும் போனப்புறம் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டியிருக்குங்க."

அன்றைக்குத் தலைமை ஆசிரியை ஒரு பெரிய பாட்டிலோடு வந்தார். "பாட்டு சரி. ஆனா நான் ஒரே முறையை நம்பி ஒரு கிளாஸையும் பாஸ் பண்ண வெச்சதில்ல. இது நானே அரைச்ச பொடி. ஒரு ஸ்பூன், வெந்நீர்ல." எல்லோருக்கும் கொடுத்தார். மைத்துனர் அவரைத் தனியாக ஜன்னலோரம் கூட்டிப் போய் என்னவோ கிசுகிசுத்தார். சாக்ஸபோனைப் பற்றி இருக்கும் என்று புள்ளி சார் அதைப் பொருட்படுத்தவில்லை.

வியாழக்கிழமையிலிருந்து வீட்டில் பாட்டே இல்லை. வந்தவர்களையும் ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்கு வரச்சொல்லி மைத்துனர் திருப்பி அனுப்பினார். மனுஷன் கிளம்புவதற்கு மனசைத் தயார் பண்ணிக்கொள்கிறார் என்று புள்ளி சார் நினைத்தார். நாலு நாள் தொடர்ந்து மத்தியானம் தூங்கினார். மனைவியிடம் அண்ணனைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தைகூடச் சொன்னார்.

மூன்றாவது ஞாயிறு சங்கத் தலைவர் அறைச் சாவியோடு வந்தார். ஒரு வாக்கியத்தை ஆகவே என்று தொடங்கினால் ஆகையினால் வழியாகப் போய் ஆதலால் என்று முடிக்கிறவர். "ஆகவே, கலைக்கும் சமுதாயத்துக்கும் பாலமாக விளங்கும் இவ்வகுப்பு..." என்று ஆரம்பித்துக் கையில் இருந்த நோட்டீஸைப் பார்த்துப் படித்தார். "பெரியவர்களுக்கான கா..."

நின்றுவிட்டார். மறுபடி படித்தார். "சங்கம் அனுமதி குடுத்தது ஜாஸ் ரசனைக்கு. இதென்ன காஸ் பிரச்சனை?"

நாற்பத்தொரு பேரும் புள்ளி சாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்தார்.

"பிழை என்னுது. என் கண்ணைத் தாண்டிப் போயிடுச்சு. இது வெறும் பாட்டு கேக்கற வகுப்பு. நான்தான் எல்லாரையும் ஏமாத்திட்டேன்."

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கண்டக்டர்தான் முதலில் பேசினார். "பாட்டோ, பூட்டோ! ஏழு வருஷத்துக்கப்புறம் என் பொண்டாட்டி பக்கத்துல உக்காந்து டிவி பாக்கறா சார். அதை யார் தருவா?"

"நோட்டீஸ் எப்படி இருந்தா என்ன, கிளாஸ் பாஸ்" என்றார் தலைமை ஆசிரியை.

தலைவர் யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆகவேயைக்கூட விட்டுவிட்டு, "அந்தப் பொடி இன்னும் ஒரு பாட்டில் கிடைக்குமா?" என்று கேட்டார். கிடைக்கும் என்று தெரிந்ததும் நிமிர்ந்து, "வகுப்பு தொடரலாம்!" என்று அறிவித்துச் சாவியை மேஜை மேல் வைத்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

இனி ஒரே ஒரு பயம்தான். புள்ளி சார் மெதுவாக மைத்துனர் பக்கம் திரும்பினார். முப்பது வருஷ ரசிகர், மூன்று வாரமாக வாயுத் தொல்லைக்காரர்களுக்கு ஜாஸ் தத்துவம் சொல்லியிருக்கிறார். வெடிக்கப்போகிறார்.

அவர் வெடிக்கவில்லை. மிகவும் இளைப்பாறிய முகத்தோடு சாவியை ஒரு விரலால் தலைவர் பக்கமே தள்ளினார்.

"எனக்கெதுக்கு அறை? ஜாஸ் எல்லாம் விட்டாச்சு. மாப்பிள்ளை, வாங்க வீட்டுக்குப் போலாம்."

"விட்டாச்சா?" புள்ளி சாரின் குரல் உடைந்தது. "மச்சான், அது ஒரு நிலைன்னீங்களே!"

"அந்த நிலை போயிடுச்சு." ரெக்கார்டு பிளேயரைத் தூக்கிக் கண்டக்டர் மடியில் வைத்தார். "பதினோரு மாசம் இதையே போட்டு உங்களை ஒரு வார்த்தை பேச விடல. இனிமே காலம் பூரா உங்க பக்கத்துலயே உக்காந்து பேசிக்கிட்டிருக்கப் போறேன். எனக்கும் வேற யாரு இருக்கா?"

சொல்லிவிட்டு, செருப்பைத் தேடிக்கொண்டு ஆனந்தமாக வெளியே நடந்தார்.

புள்ளி சார் தலைமை ஆசிரியையின் நாற்காலியருகே போய்க் கிட்டத்தட்ட அழுதார். "முப்பது வருஷ ரசனை டீச்சர்! நாலே நாள்ல எப்படிப் போகும்?"

தலைமை ஆசிரியை பாட்டில் மூடியை இறுக்கிக்கொண்டே, கணக்கில் பூஜ்யம் வாங்கிய பையனைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தார்.

"ரசனையாவது ஒண்ணாவது! தன்னோட சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு முப்பது வருஷமா ட்ரம்பெட் வெச்சு மறைச்ச மனுஷன் சார் அவர். காஸே போயிடுச்சு, இனிமே ஜாஸ் எதுக்கு?"