அகாக் நைனாவின் தலைமுடி

திருத்தணிக்கு வந்து மொட்டை போடாமல் தப்பிய தலை ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் ரயில் நிலையத்தின் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தது. நான் அங்கே பார்சல் குமாஸ்தா. தலைக்குச் சொந்தக்காரரை ஊரே 'அகாக் நைனா' என்று கூப்பிட்டது.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ரயிலுக்காக எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்ட வெள்ளைக்கார கார்டு ஒருவர் உதிர்த்துவிட்டுப் போன இங்கிலீஷ் சொல் அந்த 'அகாக்' (agog). நைனாவுக்கு அன்றிரவு தூக்கம் போயிற்று. வெண்கலப் பானை வாங்கப் பட்டணம் போனவர், அங்கே ஒரு நூலகத்தில் தடித்த அகராதியைப் புரட்டிவிட்டு, பானையில்லாமல் அர்த்தத்தோடு திரும்பினார். வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று நான் கேட்கவில்லை.

"பிரெஞ்சுக்காரன் குஷிக்கு வெச்சிருந்த வார்த்தைல இருந்து வந்துதாம்பா. இங்கிலீஷ்காரன் அத எடுத்துக்கினு போயி, குஷி வர்றதுக்கு முன்னாடி கழுத்த நீட்டிக்கினு, மனசு துடிச்சிக்கினு நிக்கிறோம் பாரு, அதுக்கு வெச்சிட்டான்" என்பார். டிக்கெட் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் இந்த வியாக்கியானம் இலவசம். இதைக் கேட்டுக்கொண்டே வண்டியை விட்டவர்கள் ஏராளம்.

யுத்தத்துக்குப் போன ஒரே மகன் திரும்பியதும் இருவரும் சேர்ந்து மொட்டை போடுவதாக முருகனுக்கு வேண்டுதல். அதுவரை கத்தரி படாத முடி தோளில் புரண்டது. சாமியார் என்று நினைத்து ஒரு தெலுங்கு அம்மாள் ஜன்னலில் தேங்காயை வைத்துக் கும்பிட்டாள். தேங்காயை எடுத்துக்கொண்டு, டிக்கெட்டையும் அர்த்தத்தையும் கொடுத்தனுப்பினார்.

யுத்தம் முடிந்தது. பட்டாளத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து இறங்கினார்கள். அரக்கோணம் வண்டி ஊதினால் போதும், நைனா ஜன்னலைச் சாத்திவிட்டு பிளாட்பாரத்துக்கு ஓடிவிடுவார். ஸ்டேஷன் மாஸ்டர் திட்டித் திட்டி அலுத்துப்போனார்.

கடைசியில் அந்த மாஸ்டர்தான் தந்தியைப் படிக்க வேண்டி வந்தது. பர்மாவில் காய்ச்சலில் பையன் போய்விட்டான்.

மறுநாள் மலையடிவாரத்துக்கு நைனாவோடு நானும் போனேன். அந்தத் தலைக்காக வருஷக்கணக்கில் காத்திருந்த நாவிதருக்கு வாயெல்லாம் பல்.

"வா நைனா. புள்ள வந்துட்டானா? அவன் எங்க, பின்னால வந்துகினு இருக்கானா?"

"நீ எடுப்பா" என்றார் நைனா.

முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. வேண்டுதல் மொட்டைக்குச் சந்தனம் பூசுவது வழக்கமில்லையா? நாவிதர் உற்சாகமாகக் குழைத்து எடுத்தார். நைனா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சந்தனம் வேணாம்பா."

நாவிதர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார். நைனா அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

இனி அந்தச் சொல் அவர் வாயில் வராது என்று நினைத்தேன். அடுத்த மாதம் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு நெசவுக்காரம்மா, பட்டாளத்திலிருந்து வரும் மகனை எதிர்பார்த்து பிளாட்பாரத்தில் நின்றாள். வண்டி ஊதியது. நைனா ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குதுங்க" என்றாள் அவள்.

"ஆங், அடிக்கட்டும்மா. அதுக்குப் பேருதான் அகாக். நல்லா எட்டிப் பாரு" என்றார், தாமும் கழுத்தை நீட்டிக்கொண்டு.

அவருக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். ஆனாலும் வெயிலில் மின்னிய அந்த மொட்டைத் தலையைக் குழந்தையின் தலையைப் போலத் தடவிக்கொடுக்க வேண்டும் போல எனக்கு இருந்தது.