பெல் ஹவுசிங்கில் ஒரு ஜன்னல்

மைசூரில் இவரைவிட மெதுவான மனிதரை நான் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கப்போவதும் இல்லை. எங்கள் தெருவில் எல்லோரும் அவரை 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கன்னடத்தில் 'நிதானா' என்றால் மெதுவாக. தமிழில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு மொழிக்கும் அவர் பொருத்தமானவர்.

தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கத்துக்காரர். சிட்டி பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவர் பஸ்ஸில் போனவர்கள் நடுவழியில் இறங்கி, பேரம் பேசிக் கொத்தமல்லி வாங்கிக்கொண்டு, அதே பஸ்ஸில் மறுபடி ஏறியதாகச் சொல்வார்கள். கல்யாணப் பந்தியில் இலை எடுப்பவர்கள் அவருக்காகச் சுவரில் சாய்ந்து நிற்பார்கள். எதைக் கேட்டாலும் "ஸ்வல்ப இருங்க" என்பார். கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். பொறுத்தால் சில சமயம் பதில் வரும்.

இப்படிப்பட்டவர், ரிட்டயர் ஆன கையோடு, டிராக் ரேஸ் கார் கட்டப்போகிறேன் என்றார்.

டிராக் ரேஸ் என்றால் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் நேர்கோட்டில் பாய வேண்டும். தும்மி முடிப்பதற்குள் ரேஸ் முடிந்துவிடும்.

"உங்களுக்கு எதுக்குங்க இது?" என்று கேட்டேன். நான் பக்கத்து வீட்டுக்காரன். கேட்கும் உரிமை உண்டு.

"ஸ்வல்ப இருங்க சார்," என்றார். காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து சொன்னார்: "இத்தனை வருஷம் பஸ்ஸு ஓட்டுனனுங்க. ஒரு வண்டியால எவ்வளவு ஓட முடியும்னு ஒரு நாளும் நான் அதைக் கேட்டதே இல்லீங்க. கேட்டுப் பாக்கோணும்."

ஒரு காலத்தில் டாக்ஸியாக ஓடிய பழைய பெட்டிக் காரை வாங்கினார். பெரிய எஞ்சினைப் பொருத்தினார். மண்டி மொஹல்லாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் நசீர் பாயும் கூடவே உழைத்தார். பெங்களூருக்கு அப்பால் ஒரு விமான ஓடுதளத்தில் முதல் ரேஸ். என் ஜீப்பில்தான் காரைக் கட்டி இழுத்துப் போனோம்.

பச்சை விளக்கு எரிந்தது. நிதானம் கிளட்சிலிருந்து காலை எடுத்தார், பஸ்ஸில் நிற்கும் கர்ப்பிணிப் பெண்ணுக்கு அதிர்ச்சி வரக்கூடாது என்பதுபோல. அவர் பாதி தூரம் போவதற்குள் எதிராளி ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்ததும் அவர் மனைவி சரசக்கா கார்க் கதவைத் திறந்து, "எறங்குங்க," என்றார். சரசக்கா லக்கேஜ் ஆட்டோவில் ஊர் முழுக்க இட்லி மாவு போடுபவர். அவர் ஆட்டோ வரும் சத்தம் கேட்டால் அசோகபுரத்தில் மாடுகள்கூட ஒதுங்கும். அன்றைக்கு அவர் ஓட்டியபோது கார் அம்பு மாதிரி கிளம்பியது. அன்றுமுதல் கட்டுபவர் நிதானம், ஓட்டுபவர் சரசக்கா.

ஆனால் இரண்டாவது சுற்றைத் தாண்ட முடியவில்லை. ஒரு ஓட்டம் முடிந்ததும் சூட்டில் கிளட்சின் பிடி மாறிவிடும். அடுத்த ஓட்டத்துக்குமுன் அதைத் திருத்த வேண்டும். கிளட்ச் இருப்பதோ எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில், மணி மாதிரி கவிழ்ந்த பெல் ஹவுசிங் என்ற கூட்டுக்குள். கியர் பாக்ஸை இறக்காமல் உள்ளே கை போகாது. இறக்கி ஏற்ற அரை நாள். அடுத்த ஓட்டத்துக்குக் கூப்பிடுவதோ அரை மணியில்.

"வண்டி போக மாட்டேங்குது. கருகுன வாசனைதான் போகுது," என்றார் சரசக்கா.

நிதானம் அந்தக் கூட்டில் கை நுழைய ஒரு ஜன்னல் வெட்டலாம் என்றார். நசீர் பாய் வேலையைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

"பேடண்ணா, பேடா! வேண்டாம்! அந்த வேகத்துல கிளட்ச் உடைஞ்சா துண்டு துண்டாப் பறக்கும். தடுக்கறது இந்தக் கூடு ஒண்ணுதான். அதுக்கு அந்தப் பக்கம் யாரு காலு இருக்குன்னு நெனச்சுப் பாருங்க."

நிதானம் வாரக்கணக்கில் யோசித்தார். காய்கறி வாங்கும்போதும் கோயிலில் நிற்கும்போதும் அவர் விரல் காற்றில் ஒரு சதுரம் வரைந்துகொண்டிருந்தது. பிறகு படம் போட்டு எடுத்துக்கொண்டு ரேஸ் நடத்துபவர்களின் பாதுகாப்பு அதிகாரியைப் போய்ப் பார்த்தார். அவர் சொன்னபடிதான் செய்தார். கூட்டின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜன்னல். அதற்குக் கூட்டைவிடக் கனமான இரும்பு மூடி, சுற்றிலும் போல்ட். வெளியே, குழந்தைக்கு அரைஞாண் கட்டுவதுபோல், கூட்டைச் சுற்றி ஒரு தடித்த எஃகுப் பட்டை.

சோதனை ஓட்டம் நஞ்சன்கூட்டில், மூடிக் கிடந்த ஒரு ஆலையின் சிமெண்டு முற்றத்தில். சரசக்கா ஹெல்மெட்டோடு வந்தார்.

"ஸ்வல்ப இரு புள்ள," என்று தடுத்தார் நிதானம். "மொதல்ல என்ற காலு அங்கே இருக்கட்டும்."

அன்றைக்கு அவர் ஓட்டியதைப் பார்த்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். எஞ்சின் அலற, கிளட்சிலிருந்து காலைப் படீரென்று எடுத்தார். கழுத்து பின்னால் மடங்கியது. நிறுத்தினார், திருப்பிக்கொண்டு வந்தார், மறுபடி படீரென்று எடுத்தார். வாழ்க்கை முழுக்கப் பழகிய பாதம் ஒவ்வொரு தடவையும் முரண்டு பிடிப்பதை அவர் முகத்தில் பார்த்தேன். வெயில் சாயும்வரை நிறுத்தவில்லை. இறங்கியதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "இனி நீ ஓட்டு," என்றார்.

அடுத்த ரேஸுக்கு ஹனூரிலிருந்து ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்கள் வந்தார்கள், சித்ரான்ன மூட்டைகளோடு. சரசக்கா முதல் சுற்று ஜெயித்தார். நிதானம் காருக்கு அடியில் படுத்து ஜன்னலைத் திறந்தார். நான் ஸ்பானர் போட்டு எஞ்சினைக் கையால் சுற்றச் சுற்ற, கிளட்சின் திருகுகள் ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு வந்தன. ஒவ்வொன்றையும் ஒரே அளவு முறுக்கினார். சரசக்கா இரண்டாவது சுற்றும் ஜெயித்தார். மூன்றாவதும்.

ஃபைனலுக்குமுன் மறுபடி படுத்தார். எஞ்சின் பாதி சுற்றியபோது நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"சார், ஸ்வல்ப பின்னாடி திருப்புங்க."

திருப்பினேன். துணியால் எதையோ துடைத்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். மறுபடி துடைத்தார். பிறகு மூடியைப் பொருத்தி, ஒரு போல்ட் விடாமல் முறுக்கிவிட்டு வெளியே வந்தார்.

"வண்டி ஓடாதுங்க," என்றார்.

சரசக்கா ஹெல்மெட்டை மேலே தூக்கினார். "ஏனுங், என்ன சொல்றீங்க?"

"கிளட்சை அழுத்திப் பிடிக்கற ஃபிங்கர்ல விரிசலாட்டம் ஒரு கோடு தெரியுது."

"அழுக்கா இருக்கும்."

"தொடச்சுப் பாத்துட்டேன்."

"ஒரே ஒரு ஓட்டமுங்க. கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும். ஊரே வந்து ஒக்காந்திருக்குது."

"ஆமா."

"இன்னொரு ஃபைனல் எனக்கு எப்ப வரும்?"

"தெரியாது புள்ள. சாவி குடு."

சரசக்கா சாவியை அவர் கையில் வைத்தார். வைத்த வேகத்தில் அது அறை மாதிரி கேட்டது. எதிராளி தனியாக ஓடிக் கோப்பையை வாங்கிக்கொண்டான். வேனில் இருந்தவர்கள் சித்ரான்னத்தைப் பிரிக்காமலே கிளம்பினார்கள்.

திரும்பும் வழியில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் டீக்கு நிறுத்தினேன். சரசக்கா ஜீப்பைவிட்டு இறங்கவில்லை. நிதானம் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து அவர் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார். சரசக்கா எதிர்ப்பக்கம் பார்த்தார். அவர் நின்றார். பஸ்கள் போயின. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இந்த மனிதர் நிற்பார் என்று அவரைக் கட்டிக்கொண்டவருக்குத் தெரியாதா? கடைசியில் வாங்கிக் குடித்தார். "பச்சத்தண்ணியாயிருச்சு," என்றார். அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் காலை நசீர் பாய் பட்டறையில் கியர் பாக்ஸை இறக்கி கிளட்சைக் கழற்றினோம். நிதானம் சொன்ன கோடு இருந்தது, தலைமுடி ஒட்டியதுபோல. அதனாலா இவ்வளவும் என்று எனக்கே தோன்றியது. நசீர் பாய் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். ஃபிங்கர் முறிந்து தட்டில் விழுந்தது.

"அரைஞாண் தாங்கியிருக்கும்," என்றார் நசீர் பாய். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "தாங்காமலும் போயிருக்கும்," என்றார்.

சரசக்கா அந்தத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இதுக்கெல்லாம் கப்பு குடுக்க மாட்டாங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. நிதானம் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் தோள்பக்கம் கையைக் கொண்டுபோனார். அது போய்ச் சேர்வதற்குள் நானும் நசீர் பாயும் வெளியே வந்துவிட்டோம்.

இப்போதும் அவர்கள் ரேஸுக்குப் போகிறார்கள். ஜெயிக்கிறார்கள், தோற்கிறார்கள். கார் கிளம்பியதும் கூட்டம் முழுக்க முடிவுக் கோட்டைப் பார்க்கும். நான் நிதானத்தின் முகத்தைப் பார்ப்பேன். அந்தக் கோடியில் கார் நின்று, கதவு திறந்து, சரசக்கா ஒரு காலையும் பிறகு இன்னொரு காலையும் தரையில் ஊன்றி எழுந்து நிற்கும்போதுதான் அந்த முகத்தில் ரத்தம் திரும்பும். ரேஸைப் பற்றி இன்றுவரை எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த முகத்துக்காகத்தான் ஒவ்வொரு தடவையும் ஜீப்பை எடுத்துக்கொண்டு கூடப் போகிறேன்.